ஏலக்காய் ஸ்டோரில் கிடைத்த பால்வீதி

பிள்ளைகளே, வானத்தைப் படம் பிடிப்பது சுலபம் என்று யாராவது சொன்னால், அவர் பிடித்துப் பார்த்ததில்லை என்று அர்த்தம். நான் பிடித்திருக்கிறேன். அந்தக் களைப்பு இன்னும் தீரவில்லை.

மகள் ஏழாம் வகுப்பு படித்தபோது, பள்ளி அறிவியல் கண்காட்சிக்குப் பால்வீதிப் படம் கொண்டுவருவதாக டீச்சரிடம் சொல்லிவிட்டாள். "எங்கப்பா எடுப்பாரு" என்று வேறு சேர்த்துச் சொல்லியிருக்கிறாள். (நான் அதுவரை எடுத்ததெல்லாம் காதுகுத்துப் படங்கள். அதிலும் பாதிப் பேருக்குத் தலை இருக்காது.)

எங்கள் ஊர் போடியின் தெருவிளக்கு வெளிச்சத்தில் வானம் எங்கே தெரிகிறது? கண்காட்சிக்கு முந்தின நாள் சாயங்காலம், இரவல் கேமராவோடு குரங்கணிக்கு மேலே ஜீப்பில் ஏறினேன். அங்கே ஏலத்தோட்டத்தில் வேலை பார்க்கும் என் மச்சான், "வாங்க மாப்ளே, வானம் தொடச்சு வச்ச மாதிரி கெடக்கு" என்றார்.

நட்சத்திர வெளிச்சம் மங்கலானது. கேமராவின் கண்ணை இருபது விநாடியாவது திறந்து வைக்க வேண்டும். அதுவரை அது அசையக் கூடாது. ஸ்டாண்டில்தான் வைத்தேன். ஆனால் பட்டனை விரலால் அழுத்தினேன். அழுத்த அழுத்த அது ஆடியது. படத்தில் நட்சத்திரங்களெல்லாம் புழுவாக நெளிந்தன. டைமர் வைத்துவிட்டுக் கையை எடுக்க வேண்டும் என்று புரிந்தபோது, அந்தக் கை விறைத்துப் போயிருந்தது.

"ஏன் மாப்ளே குளுருல நிக்கிறீக? ஸ்டோருக்குள்ள வந்து சித்த காயுங்க."

ஸ்டோர் என்பது பச்சை ஏலக்காயைச் சூட்டில் உலர்த்துகிற அறை. காயின் ஈரமெல்லாம் ஆவியாக மிதக்கும். கேமராவுக்கும் குளிருமே என்று அதையும் அணைத்துக்கொண்டு போனேன். (இரக்க சுபாவம்.)

கையில் சூடு ஏறியதும் வெளியே வந்து, டைமர் வைத்து எடுத்தேன். திரை முழுக்க வெள்ளை வெளேரென்று பரவியிருந்தது.

"மச்சான், பால்வீதி!"

"அடேயப்பா, இம்புட்டுப் பாலா!"

காலையில் பிரிண்ட் போட்டேன். "என்னங்க, மோரக் கொட்டுன மாதிரி இருக்கு" என்றாள் மனைவி. "ஒனக்கு வானத்தப் பத்தி என்ன தெரியும்?" என்றேன்.

கண்காட்சியில் டீச்சர் படத்தை உற்றுப் பார்த்தார்.

"சார், கேமராவ எங்கயாவது சூடான எடத்துக்குள்ள கொண்டு போனீங்களா?"

"ஆமா டீச்சர், குளுருச்சு."

"அதான். குளிர்ந்த லென்சுல ஆவி படிஞ்சிருச்சு. இது வானமில்ல சார், தண்ணி."

மகளின் முகம் சுருங்கியது. பார்வையாளர்கள் வேறு வரத் தொடங்கிவிட்டார்கள். அவள் என்னைப் பார்க்கவே இல்லை. படத்தின் கீழே 'பால்வீதி' என்று எழுதியிருந்ததை அடித்துவிட்டு, 'நீராவி குளிர்ந்து நீராதல்' என்று எழுதினாள். வந்தவர்களுக்கெல்லாம் சாயங்காலம்வரை விளக்கினாள்: "எங்கப்பா செஞ்ச சோதனை இது." நான் பக்கத்தில் சோதனைப் பொருளாக நின்றேன்.

இப்போதும் டீ ஆற்றும்போது என் மூக்குக்கண்ணாடி வெளுத்தால் போதும்: "அம்மா, வெரசா வா! அப்பா பால்வீதி பாக்குறாரு!"

நான் துடைப்பதில்லை. தானாகத் தெளியட்டும் என்று உட்கார்ந்திருப்பேன்.