எதிர்ப்பக்கத்து டியூப்

பூமி கொஞ்சம் சாய்ந்தபடிதான் சுற்றுகிறது என்பதை எங்கள் பேலன்ஸ் அண்ணனிடம் மட்டும் யாரும் சொல்லிவிடாதீர்கள். ஸ்பேனரை எடுத்துக்கொண்டு நிமிர்த்தக் கிளம்பிவிடுவார்.

வீரபாண்டியில் ஓர் எலும்பு மருத்துவமனையில் அவர் லேப் டெக்னீசியன். நம் ரத்தத்தை எடுத்து, மெஷினில் சுழற்றி, காயம் ஆற்றும் தட்டணுக்கள் செறிந்த பிளாஸ்மாவைப் பிரித்துக் கொடுப்பார். டாக்டரம்மா அதை நமக்கே ஊசியாகப் போடுவார். மெஷினில் ஒரு பக்கம் ரத்த டியூப் வைத்தால், எதிர்ப்பக்கம் அதே எடையில் இன்னொன்று வைத்தாக வேண்டும். இல்லையென்றால் மெஷின் துள்ளும். மனிதர் இந்த விதியை மெஷினோடு நிறுத்திக்கொள்ளவில்லை என்பதுதான் சங்கதி.

மொபெட்டில் இடப்பக்கம் டிபன் தூக்கு மாட்டினால், வலப்பக்கம் அதே எடைக்குத் தண்ணீர் பாட்டில். ஷேர் ஆட்டோவில் ஆட்களைக் கண்ணாலேயே எடைபோட்டு இடம் மாற்றி உட்காரவைப்பார். கல்யாணப் பந்தியில் எதிர் இலை காலியாக இருந்தால், வாசலில் போகிறவரைக் கையைப் பிடித்து இழுத்துவந்து உட்காரவைத்த பிறகுதான் பாயசம்.

ஒருமுறை பனியன் கம்பெனி முதலாளி ஒருவர் வழுக்கைக்கு இந்த ஊசி போட வந்தார்.

“ஸ்பீட ஏத்துங்க, எனக்கு ஷிப்மெண்ட் இருக்குது.”

“ஏத்தலாமுங்க. தட்டணு பாழாப்போயிரும். அப்பறம் தலைல முடியென்ன, மொளகாச் செடிகூட மொளைக்காதுங்க.”

முதலாளி ஷிப்மெண்டை மறந்து, தலையைத் தடவிக்கொண்டு உட்கார்ந்தார்.

பிறகு என் முறை வந்தது. நான் துணி வெட்டுகிறவள். துணிமீது கத்தரி ஓடும் சரசரப்புதான் எனக்கு மழைச் சத்தம். வலது முழங்கை கெட்டு, அந்த மழை நின்றிருந்தது. “இதுக்கும் கேக்கலீன்னா கத்தரிய மறந்துருங்க” என்றிருந்தார் டாக்டரம்மா.

அன்று நான் ஒருத்திதான். எதிர்ப்பக்கத்துக்கு ஒரு டியூபில் தண்ணீர் பிடித்து, தராசில் வைத்துச் சொட்டுச் சொட்டாய்ச் சரிபார்த்தார்.

“ஒரு சொட்டு கூடுனா என்னங்கண்ணா?”

“மெஷின் ஆட்டம் போடுமுங்க அம்மிணி. பிரிஞ்சதெல்லாம் மறுக்காக் கலைஞ்சுரும்.”

சுழற்றி எடுத்தபோது அடியில் சிவப்பு, மேலே வைக்கோல் பொன், நடுவே பனிக்கோடு போல ஒரு வெள்ளை. எனக்குள்ளேயே இருந்தும் நான் பார்த்திராத என் நிறங்கள்! மேலிருந்ததை மட்டும் உறிஞ்சி, இன்னொரு தடவை சுழற்றினார்.

“தங்கமாட்டம் வந்திருக்குதுங்க.”

“அடகு வெக்கலாமுங்களா?”

“முழங்கைலதான் வெக்கோணுங்க!”

ஊசி போட்டாயிற்று. குணம் தெரிய வாரக்கணக்கில் ஆகலாம், தெரியாமலும் போகலாம் என்றார்கள். கூட வந்தவர் யாருமில்லை. வாசல் பெஞ்சில் ஓர் ஓரமாக உட்கார்ந்தேன். கண்ணில் நீர் கட்டி எல்லாம் மங்கியது. யாரோ மறுகோடியில் வந்து உட்கார்ந்தார்கள். பேலன்ஸ் அண்ணன்.

“டாக்டரம்மா கூப்பிடறாங்களா?”

“இல்லீங்க. நீங்க ஒரே பக்கமா உக்காந்திருந்தீங்களா, பெஞ்சு சாஞ்சுருமுங்க. அதான்.”

 நான் கண்ணைத் துடைத்து நிமிரும்வரை எழுந்திருக்காமல் அங்கேயே இருந்தார்.

இரண்டு மாதம் போல ஆயிற்று, கை கத்தரிக்கு வந்தது. மழை திரும்பப் பெய்தது. ஒரு கைக்கு ஒன்றாக இரண்டு மைசூர்பாகுப் பொட்டலங்களோடு அவரைப் பார்க்கப் போனேன். தெளிந்த கண்ணுக்கு அன்றுதான் அந்தப் பெஞ்சு சரியாகத் தெரிந்தது.

தரையோடு சேர்த்துப் பூசிய சிமெண்ட் பெஞ்சு. யானையே வந்து ஓரமாக உட்கார்ந்தாலும் சாயாது.