ராகு தரகரின் செயின் கவர்

புதுச்சேரிப் பக்கம், பாகூர் கொம்யூன் ஊர்களில் பாதிக் கல்யாணங்களை முடித்துவைத்தவரும் மீதிப் பாதியை நிறுத்தியவரும் ஒரே ஆள்தான். கல்யாணத் தரகர், ஊர் வைத்த பெயர் ராகு தரகர். சொந்தப் பெயர் அவர் வீட்டு ரேஷன் கார்டுக்கு மட்டும் தெரியும். ராகு காலத்தில் தும்மல் வந்தால்கூட மூக்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

"ஒரு பைக்கு வாங்கிடலாமேண்ணே" என்று ஒருமுறை கேட்டேன்.

"பைக்குல போனா சகுனம் பாக்க எங்கடா டைம் இருக்கு? பூனை குறுக்க வரும், நான் பாட்டுக்குப் போயிடுவேன். அப்பறம் அந்தப் பாவம் யாருக்கு?"

ஆகவே சைக்கிள். பிரான்சில் இருக்கும் மச்சான் கப்பலில் போட்டு அனுப்பியது. கியரெல்லாம் பின்சக்கரத்தின் நடுவிலிருக்கும் ஹப்புக்குள் ஒளிந்திருக்கும். அதிலிருந்து எலிவால் மாதிரி ஒரு குட்டிச் சங்கிலி வெளியே வந்து, ஹேண்டில்பாரிலிருந்து வரும் ஒயரோடு சேரும். அதை இழுத்தால்தான் கியர் மாறும். எல்லாம் சரி, பெரிய செயினுக்கு மூடி கிடையாது. வெளுத்த வேட்டியில் தினமும் செயின் கரி. அதைப் பார்த்து, வரும்போதே கருப்பு என்று பெண்வீட்டார் கைகழுவிய வரன்கள் மூன்று. மூன்றும் எனக்குப் பார்த்தவை. எனக்கு வயது முப்பத்தாறு.

நான்காவதாக மடுகரையில் ஒரு பெண் அமைந்ததும், ஃபுல் செயின் கவர் போட்டுவிட்டுத்தான் மறுவேலை என்று தரகர் சபதம் செய்தார். வெள்ளிக்கிழமை காலை சைக்கிள் கடைக்கு நானும் போனேன். கடைக்காரர் தகர உறையைச் செயினுக்கு இருபுறமும் வைத்துப் பார்த்துவிட்டு, "குட்டிச் செயின் வெளிய வர ஒரு ஓட்டை போடணும். பத்து நிமிஷம்" என்றார்.

தரகர் கடிகாரத்தைப் பார்த்தார். பத்து இருபத்தைந்து. பத்தரைக்கு ராகு காலம்.

"இன்னா பத்து நிமிஷம்? மொதல்ல மூடு. ஓட்டைய அப்பறம் பாத்துக்கலாம்."

கடைக்காரர் ஒயரைக் கழற்றிவிட்டு, குட்டிச் சங்கிலியை உள்ளேயே வைத்து ரிவிட் அடித்தார். பிறகு ஓட்டை போட வேண்டுமானால் உறையைத் திறக்க வேண்டும். நல்ல நேரத்தில் மூடியதைத் திறக்கலாமா? கூடாதாம். ஒயர் இல்லாத கியர் உச்சத்திலேயே நின்றுகொண்டது. அதன்பின் பெடல் மிதிப்பது செக்கிழுப்பதாகிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்கப் புறப்பட்டோம். நாலரைக்கு ராகு காலம், அதற்குள் பெண்வீட்டு வாசலைத் தாண்டியாக வேண்டும். தரகர்தான் முதலில் நுழைய வேண்டும் என்பது அவர் வைத்த சட்டம். எதிர்க்காற்றில் அவர் எழுந்து நின்று மிதிக்க, நானும் அம்மாவும் ஸ்கூட்டரில் பின்னால் ஊர்ந்தோம். எங்களை ஒரு மாட்டுவண்டி முந்திக்கொண்டு போனது.

சேர்ந்தபோது நாலு முப்பத்தைந்து. தரகர் வாசலுக்கு வெளியே கைகளை விரித்து மறித்தார். "ஆறு மணி வரைக்கும் ஒருத்தரும் உள்ள போவக் கூடாது."

பெண்ணின் அப்பா வெளியே வந்தார். "பஜ்ஜி ஆறிப்போவுது. வர்றதுன்னா வாங்க, இல்லன்னா அப்படியே திரும்பிடுங்க."

இதுவும் போனால் இனிமேல் பெண் தேடுவதில்லை என்று அம்மா சொல்லியிருந்தார்.

அப்போது பெண்ணே வெளியே வந்தாள். ஐடிஐ படித்துவிட்டு ஒரு கம்பெனியில் ஃபிட்டராக இருப்பவள். என்னைப் பார்க்கவில்லை, சைக்கிளைப் பார்த்தாள்.

"இன்னா பெரியப்பா, கியர் செயினை உள்ள வச்சி அடைச்சிட்டீங்க?"

தரகர் விஷயத்தைச் சொன்னார். அவள் உளியும் சுத்தியலும் எடுத்து வந்தாள்.

"ராகு காலத்துல எதையும் தொடங்கக் கூடாதும்மா."

"இது தொடங்கறதில்ல பெரியப்பா. நீங்க பாதியில வுட்டதை முடிக்கறது."

தரகர் விரித்த கைகளை இறக்கி, சைக்கிளை அவள் பக்கம் சாய்த்தார். அவள் ரிவிட்டுகளை ஒவ்வொன்றாகத் தெறிக்கவிட்டு, துளைபோடும் மிஷின் இல்லாததால் உளியாலேயே கொஞ்சம் கொஞ்சமாகத் தகரத்தில் ஓட்டை போட்டாள். உறையை நான் பிடித்துக்கொண்டேன். "இன்னும் கொஞ்சம் தூக்குங்க" என்பதுதான் அவள் என்னிடம் பேசிய முதல் பேச்சு. குட்டிச் சங்கிலி வெளியே வந்து ஒயரோடு சேர்ந்தது, கியர் மாறியது, மணியும் ஆறானது.

பெண்ணின் அப்பா என் சட்டையைப் பார்த்தார். நெஞ்சு முழுக்கக் கரி. "வந்ததும் வராததுமா கருப்பு பட்டுடுச்சே" என்று முகம் சுளித்தார்.

தரகர் குனிந்தார். உறையின் ஓரத்தில் வழிந்திருந்த கிரீஸை உள்ளங்கையால் வழித்து, தன் வெள்ளை வேட்டியில் முழங்காலிலிருந்து இடுப்புவரை இழுத்தார்.

"மொதக் கரி எம்மேலதாங்க பட்டுது. தோஷம் இருந்தா என்னோட போவட்டும். புள்ளைய உள்ள கூப்புடுங்க."

எங்கள் கல்யாணம் நடந்து நாலு வருஷமாகிறது. ஊரோடு சேர்ந்து நானும் தரகரைக் கேலி செய்வேன். ஆனால் வேறு யாராவது ஒரு வார்த்தை கூடுதலாகச் சொல்லிவிட்டால் எனக்குப் பொறுக்காது.