எருமைக்குளம்: வினாவும் விடையும்

உப்பங்கரை நாட்டை வரைபடத்தில் தேட வேண்டாம். தேடியவர்களுக்குத் தலைவலிதான் மிச்சம். அந்த நாட்டு மன்னர், பழைய மன்னரை விரட்டிவிட்டு அரியணை ஏறியவர். விரட்ட வந்தபோது அவர் கையில் வாள் இல்லை, ஒரு நாவல்தான் இருந்தது. 'எருமைக்குளம்' என்று பெயர். ஒரு குளத்து எருமைகளெல்லாம் கூடி, ஓர் அட்டைப்பூச்சியை வைத்தியராகத் தேர்ந்தெடுக்கின்றன. அது ஒவ்வொரு எருமையாக நாடி பார்த்து, 'உனக்கு உடம்பில் இரத்தம் கூடிப்போய்விட்டது, அதுதான் நோய்' என்கிறது. பழைய மன்னரை நினைத்துக்கொண்டு ஊரே விழுந்து விழுந்து சிரித்தது. புது மன்னர் பதவியேற்ற கையோடு அந்த நாவலைப் பத்தாம் வகுப்புக்குப் பாடமாக வைத்தார்.

பன்னிரண்டு வருஷம் நிம்மதியாகப் போனது. அதற்கப்புறம் ஒரு நாள் அரண்மனை ஆணை வந்தது. குடிகள் சோர்ந்து கிடப்பதற்குக் காரணம் மிகுதியான சோறு. ஆகவே மாலையில் எவரும் அடுப்பு மூட்டலாகாது. மறுநாள் காலை, உப்பளத்தையே நம்பிப் பிழைக்கும் அளத்தூரின் பள்ளியில் கலியபெருமாள் வாத்தியார் அட்டை வைத்தியம் பார்க்கும் பக்கத்தைப் படித்தார். வகுப்பே கொல்லென்று சிரித்தது. யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. சிரிப்புக்குத்தான் காலுண்டே, அது தலைநகர் வரைக்கும் போய்விட்டது.

உடனே அர்த்தத் துறை என்று ஒரு துறை பிறந்தது. அதன் அதிகாரி மாசிலாமணியார் முதலில் போட்ட உத்தரவு, அந்தப் பக்கத்தைச் சிரிக்காமல் படிக்க வேண்டும் என்பது. பலிக்கவில்லை. அடுத்து, வாத்தியார்கள் அழுத குரலில் படிக்க வேண்டும் என்றார். வாத்தியார் மூக்கை உறிஞ்சியபடி படிக்க, பிள்ளைகள் பெஞ்சிலிருந்து உருண்டார்கள். கடைசியில் மாசிலாமணியாரே வண்டி கட்டிக்கொண்டு வந்து இறங்கினார்.

"அட்டை யாரைக் குறிக்கிறது? இது வினா. அட்டை அட்டையையே குறிக்கிறது. இது விடை. வேறு எழுதும் பிள்ளையின் குடும்பம் இனி உப்பளத்தில் கால் வைக்கலாகாது. கேட்டீரா?"

"விளங்கிச்சுங்க."

"விளங்க வேண்டாம், வாத்தியாரே. மனப்பாடமானால் போதும்."

அந்த வருஷம் மூன்று பிள்ளைகள் உண்மையை எழுதித் தொலைத்தார்கள். மூன்று குடும்பமும் சட்டி பானையோடு ஊரைவிட்டுப் போனது. கலியபெருமாள் பள்ளி வாசலில் நின்று பார்த்தார். நான் சொல்லிக்கொடுத்துத்தானே இதுகளுக்குப் புரிந்தது என்று தன்னையே நொந்துகொண்டார்.

அடுத்த வருஷம் பத்தாம் வகுப்புக்கு வந்தாள் வள்ளிமயில். உப்பளக்காரர் வீட்டிலிருந்து அந்தப் படியை மிதித்த முதல் பெண் அவள்தான். தேறினால் தலைநகரில் நர்ஸ் படிப்பு. தவறினால் அப்பனோடு சேர்ந்து உப்பு வார வேண்டியதுதான். ஏடாகூடமாக எதையாவது எழுதிவைத்தால் அதுவும் இல்லை. அவளோ எதைப் படித்தாலும் 'ஏன்' என்று கேட்கிற ரகம். இவள் கதையைப் படித்தால் தப்பமாட்டாள் என்று வாத்தியாருக்குத் திட்டமாகத் தெரிந்தது. உட்கார்ந்து பதினாறு பக்கத்தில் வினாவிடை எழுதினார். எருமைகள் எத்தனை, குளத்துக்கு எத்தனை படி, அட்டையின் நிறம் என்ன, எல்லாம் அதில் இருந்தது.

"கதையப் படிச்சுட்டே எழுதுறனே, ஐயா?" என்றாள் அவள்.

"வேணாம் தாயி. படிச்சா சிரிப்பு வரும். சிரிப்பு வந்துட்டா கை சும்மா இருக்காது. மொதல்ல பாஸாகு. அப்புறம் ஆற அமர உக்காந்து படிக்கலாம்."

அவர் பேச்சை அவள் ஒருநாளும் தட்டியதில்லை. நாவலைத் திறக்கவே இல்லை.

தேர்வில் நாட்டுக்கே முதலாவதாக வந்தாள். மாசிலாமணியார் மாலையும் கையுமாக வந்து, பள்ளி முற்றத்தில் எல்லார் முன்னாலும் கேட்டார்: "மற்றவர்களும் சரியான விடைதான் எழுதினார்கள், பெண்ணே. ஆனால் அந்த வரியில் அத்தனை பேர் கையெழுத்தும் குலுங்கியிருக்கிறது. உன் எழுத்து மட்டும் எப்படி நூல் பிடித்தாற்போல் நிற்கிறது?"

"நான் கதையப் படிக்கலீங்க. ஐயா எழுதிக் குடுத்ததைத்தான் மனப்பாடம் பண்ணேன்."

அதிகாரி கலியபெருமாளைக் கட்டித் தழுவிக்கொண்டார். "மூன்று குழு போட்டோம், ஐயா! எந்தப் பக்கத்தைக் கிழிப்பது, எந்த வரியில் மை பூசுவது என்று மண்டையை உடைத்துக்கொண்டோம். நீர் பதினாறு பக்கத்தில் முடித்துவிட்டீரே!"

அந்த வாரமே ஆணை பிறந்தது. நாவலுக்குத் தடை ஏதும் இல்லை, தேவையும் இல்லை. இனி வினாவிடை மட்டுமே பாடம். கலியபெருமாளுக்கு 'அர்த்தச் செம்மல்' என்று பட்டம் கொடுத்து, வினாவிடையின் அட்டையில் அவர் பெயரைக் கொட்டை எழுத்தில் அச்சடித்தார்கள். பாவி மனுஷன், ஒரு பெண்ணைக் கரையேற்றத்தானே எழுதினார்.

வள்ளிமயில் தலைநகருக்குப் புறப்படுகிற அன்று சொல்லிக்கொண்டு போகப் பள்ளிக்கு வந்தாள். வாசலில் அரசு வண்டி நின்றது. ஆட்கள் அலமாரியிலிருந்த நாவல்களைக் கட்டுக்கட்டாக ஏற்றிக்கொண்டிருந்தார்கள். மாசிலாமணியார் நாற்காலி போட்டு உட்கார்ந்து மேற்பார்வை பார்த்தார்.

"பாஸாயிட்டனே, ஐயா. இப்பப் படிக்கலாமில்ல? ஒண்ணு குடுங்க, வழியில படிச்சுக்கிட்டே போறேன்."

கலியபெருமாள் வண்டியைப் பார்த்தார். நாற்காலியைப் பார்த்தார். மாசிலாமணியார் இவர்கள் பக்கம் தலையைத் திருப்பினார். மூன்று குடும்பங்கள் போன பாதை வாத்தியாரின் கண்ணில் பட்டது.

"அதுல ஒண்ணுமில்ல தாயி. வெறும் எருமைக் கதை."

"அப்படிங்களா?" என்றாள். நம்பிவிட்டாள். அவர் இதுவரை அவளிடம் பொய் சொன்னதில்லை.

அப்போது தெருவில் தண்டோரா போட்டார்கள். குடிகளின் உடம்பில் தண்ணீர் கூடிப்போய்விட்டதாம். அதுதான் இப்போதைய சோர்வுக்குக் காரணமாம். ஆகவே இன்று முதல் ஊர்க் கிணறுகள் வாரத்தில் மூன்று நாள் மட்டுமே திறந்திருக்கும். வாத்தியார் தன்னை அறியாமல் பிள்ளைகள் பக்கம் திரும்பினார். வகுப்பு சிரிப்பில்லாமல் விடை ஒப்பித்துக்கொண்டிருந்தது.

வள்ளிமயில் தண்டோராவைக் கவனமாகக் கேட்டாள். நெற்றி சுருங்கியது. "உடம்புல தண்ணி கூடிப்போறதும் ஒரு நோயா, ஐயா?"

மாசிலாமணியார் வாத்தியாரின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆமாம்மா," என்றார் கலியபெருமாள்.

"நல்லவேளை சொன்னீங்க," என்று குனிந்து அவர் காலைத் தொட்டுக் கும்பிட்டாள் அவள். "நான் நர்ஸானதும் ஊரூராப் போய் எல்லாருக்கும் எடுத்துச் சொல்றேன்."