அனுமதி தேவையில்லை என்பதற்கு ஓர் அனுமதிக் கடிதம்

கலவான,
வெள்ளிக்கிழமை காலை.

இரத்தினபுரியில் புத்தகக் கடை நடத்தும் அன்புக்குரிய மச்சான் கிருஷ்ணகுமார் அவர்களுக்கு, தங்கையா வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. நானும் உங்கள் தங்கை மீனாம்பாளும் சுகம். மழையும் சுகமாகப் பெய்கிறது.

நம்ம மகள் சுகந்தினி எழுதிய முதல் புத்தகத்தை வாங்க நாளைக்கு அவளுடைய சிநேகிதர்கள் முப்பது பேர் உங்கள் கடைக்கு வருகிறார்கள். நீங்களோ வெளிநாட்டுக் கம்பனியின் அனுமதிக் கடிதம் இல்லாமல் அதைக் கடையில் வைக்க மாட்டேன் என்று சொல்லி அனுப்பியிருக்கிறீர்கள். கோபமில்லை மச்சான், நானும் அதையேதான் கேட்டேன். தோட்டத்து லயத்துக் கூரையில் ஒரு தகரம் மாற்றுவதற்கும் தோட்டத் துரையின் கடிதம் வேண்டும் என்று முப்பத்தைந்து வருடம் டைப் அடித்த கிளாக்கர் நான். மகளுடையதோ மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு வேஷம் எடுத்து, இருபது முகத் தாயக்கட்டையை உருட்டிக் கதை வளர்க்கும் விளையாட்டுக்கான புத்தகம். விளையாட்டின் விதிகள் அந்தக் கம்பனியுடையவை, கதை மகளுடையது. "விதிய எல்லாருக்கும் தொறந்து விட்டுட்டாங்கப்பா. அவங்க பேர ஒரு பக்கத்துல போடணும், அவங்க உருவாக்குன பூதத்த நாம எடுக்கக் கூடாது, நாம எழுதுனத வேற யாராச்சும் எடுத்து எழுதுனா தடுக்கக் கூடாது. அவ்வளவுதான்," என்றாள். கேட்காமலே கொடுப்பார்களா? கம்பனிக்கே விண்ணப்பம் போட்டேன். அனுமதி தேவையில்லை என்று பதில் வந்தது. தேவையில்லை என்பதையே முத்திரை வைத்துத் தரும்படி கேட்டேன். தயவுசெய்து விளையாடுங்கள் என்று பதில் வந்தது. அதைச் சமாதான நீதவான் ஜுனைதீன் ஹாஜியாரிடம் உறுதிப்படுத்தக் கொண்டுபோனேன். "கிளாக்கரய்யா, வேணாண்டு சொல்லுற கடிதத்துக்கு நான் என்னண்டு சீல் அடிக்கிற?" என்று தேத்தண்ணீர் கொடுத்து அனுப்பிவிட்டார்.

கம்பனியின் பூதத்துக்குப் பதிலாக மகள் சிங்கராஜக் காட்டில் இரத்தம் உறிஞ்சும் அட்டை ஒன்றை ஆளுயரத்துக்கு வளர்த்து விட்டிருக்கிறாள். நேற்றுப் பின்னேரம் எங்களையும் விளையாட உட்கார வைத்தாள். நான் வாளை உருவினேன். அட்டை என் காலைப் பிடித்துக்கொண்டது. உங்கள் தங்கை, "வாளாம் வாளு! குளிக்கிற சவக்காரத்த எடுத்துத் தேய்க்கிறேன்," என்று கட்டையை உருட்டினாள். இருபது விழுந்தது, அட்டை செத்தது. வயிறு நோகச் சிரித்தோம் மச்சான். இப்படி ஒரு மகளைப் பெற்றதில் எனக்குச் சொல்ல முடியாத சந்தோஷம்.

ஆகவே பயப்படாமல் புத்தகத்தைக் கண்ணாடி அலுமாரியில் வையுங்கள். நூறு பிரதிகளும் ஒரே பெட்டியில், கண்டக்டர் ஷிராஸ் பொறுப்பில், முதல் பஸ்ஸில் ஏறிவிட்டன. உங்கள் முழங்கால் வலி குறையவும், மழை உங்கள் கடைக் கூரையை விட்டு விலகிப் பெய்யவும் வேண்டிக்கொள்ளும்,

தங்கையா
(ஓய்வுபெற்ற தலைமைக் கிளாக்கர்)

பி.கு.: பெட்டியைத் திறக்க வேண்டாம். கட்டுவதற்கு முன் கை சும்மா இருக்காமல், ஒரு பாதுகாப்புக்காக, நூறு புத்தகத்திலும் "இதைப் பார்த்து எழுதுவது தண்டனைக்குரிய குற்றம்" என்று சிவப்பு முத்திரை குத்திக் கையெழுத்தும் வைத்துவிட்டேன். வீட்டுப் பிரதியில் அதை மகள் இப்போதுதான் பார்த்தாள். யார் வேண்டுமானாலும் எடுத்து எழுதலாம் என்று கடைசிப் பக்கத்தில் அவளே அச்சடித்திருக்கிறாளாம். ஒரே கோபம். முத்திரையை மறைத்து ஒட்டப் பசையும் வெள்ளைத் தாளும் எடுத்துக்கொண்டு, இந்தக் கடிதத்துடன் அவளே பதினொரு மணி பஸ்ஸில் வருகிறாள். கம்பனிக்கு ஆட்சேபணை இல்லை, ஹாஜியாருக்கும் இல்லை. இனிப் புத்தகத்தைக் கடையில் வைக்க அவள்தான் அனுமதி தரவேண்டும். தந்தால், எழுத்தில் வாங்கி வைக்கவும்.