வலப்பக்கப் பசையும் இடப்பக்கப் பசையும்

பல்லில் கிளிப் ஒட்டும் இரண்டு பசைகளை ஒப்பிட்டுச் சோதிக்கும்போது, எந்தப் பக்கம் எது என்று நோயாளிக்கும் தெரியக் கூடாது, டாக்டருக்கும் தெரியக் கூடாது. இது விதி. திருவண்ணாமலையில் இதை முழுமையாகக் கடைப்பிடித்தவர் எங்கள் பசை டாக்டர் ஒருவரே. ஒரு கட்டத்தில் யாருக்குமே தெரியாமல் போய்விட்டது.

வேங்கிக்கால் கலெக்டர் ஆபீசில் ஓய்வு பெறும்வரை நான் பல் தெரியச் சிரித்ததில்லை. முன்பற்கள் அப்படி. மகள் கல்யாணப் போட்டோவிலாவது வாய் திறக்கலாமென்று, தை முகூர்த்தத்துக்குள் பல்லை நேராக்கித் தரும்படி அவரிடம் போனேன்.

"லெஃப்ட்ல ஒரு கம்பெனி பசை, ரைட்ல வேற கம்பெனி. எந்தப் பக்கம் கிளிப் மொதல்ல விழுதுன்னு பாக்கலாம் சார்."

"நான் கல்யாணத்துக்காக வந்தேன் டாக்டர், போட்டிக்கு இல்ல."

"ரெண்டும் சேந்தே நடக்கட்டுங்க."

பசைக் குழாய்களில் பிளாஸ்டர் சுற்றிக் கொடுத்தது உதவியாளர் செல்வி. எது எதுவென்று அந்தப் பெண்ணுக்கு மட்டும்தான் தெரியும்.

கடினமானதைக் கடிக்காதீர்கள் என்பார்கள் மற்ற பல் டாக்டர்கள். இவர் டிராயரிலிருந்து முறுக்கு எடுத்து நீட்டுவார். ஒரு பௌர்ணமி கிரிவலத்தில் அடி அண்ணாமலை அருகே என்னை நிறுத்தி, வாயைத் திறக்கச் சொல்லி டார்ச் அடித்தார். ஏதோ பிரசாதம் என்று என் பின்னால் வரிசை நின்றது.

வலப்பக்கம் மட்டும் உதிர்ந்துகொண்டே இருந்தது. முகூர்த்தம் நெருங்கியது.

"அந்தப் பசையத் தூக்கிப் போடுங்க!"

"அது எந்தக் கம்பெனின்னு செல்விக்குத்தானே தெரியும்?"

செல்வி கல்யாணமாகிக் குவைத் போய்விட்டிருந்தாள். பிளாஸ்டரை உரித்தோம், லேபிளும் சேர்ந்து கிழிந்தது. வாட்ஸ்அப்பில் கேட்டார், பதில் இல்லை. பசைகளைப் பக்கம் மாற்றி ஒட்டினார். அப்போதும் வலப்பக்கமே விழுந்தது. நான் வலப்பக்கம்தான் மெல்லுகிறவன் என்பது இருவருக்கும் தோன்றவில்லை.

"கிரிவலத்துல மலை உங்க ரைட்லதானே சார் இருக்கு? அது இழுக்குதோ?" என்றார், சீரியஸாக.

ஆனால் தினமும் காலையில் கிளினிக் திறக்குமுன் என் வீட்டுக்கு வந்து, விழுந்ததை ஒட்டிவிட்டுத்தான் போனார். காபிகூட நின்றபடிதான். கல்யாணத்துக்கு முந்தைய வாரம் கிளிப்பைக் கழற்றினார். பல் நேராக இருந்தது. எப்படி என்று அவருக்கும் புரியவில்லை, எனக்கும் புரியவில்லை.

மேடையில் போட்டோக்காரர், "சிரிங்க சார்" என்று கெஞ்சினார். பழக்கதோஷம், உதடு பிரியவில்லை. பக்கத்தில் நின்ற டாக்டர் போனை என் முகத்துக்கு நேரே நீட்டினார். செல்வி அனுப்பியிருந்தாள்: "சாரி சார், இப்பதான் பாத்தேன். இன்னொரு கம்பெனி ஸ்டாக் வரவே இல்ல. ரெண்டு குழாயும் ஒரே பசைதான்."

ஆல்பத்தில் அந்தப் படத்தில் மணமக்களைவிட நாங்கள் இருவரும்தான் பெரிதாகச் சிரிக்கிறோம். செல்வியின் பதில் என்றைக்கு வந்தது என்று யாராவது கேட்டால், நான் அந்த ஆல்பத்தின் அட்டையில் உள்ள தேதியைக் காட்டுவேன். என் மகளின் கல்யாணத் தேதிதான் அது.