டிராகன் இறங்கிய வயலில் ஒரு கிடை

டிராகனைக் கொல்ல அனுப்பப்பட்ட வீரர்களில் கிடை அண்ணாச்சி அளவுக்கு அவசரமே இல்லாத ஒருவர் இந்தப் பூமியில் பிறந்ததில்லை. நடந்ததை முதலில் வரிசையாகச் சொல்லிவிடுகிறேன். வரிசை இல்லாமல் எனக்கு எதையும் சொல்ல வராது.

1. எங்கள் அலுவலகத்துக்குச் சோதனைக்கு வந்த ஒரு கணினி விளையாட்டுக்குள் அண்ணாச்சி பதினோரு மாதம் வாழ்ந்தார்.
2. அந்த ராஜ்யத்தை ஒரு டிராகன் எரிக்கப் போகிறது. தடுக்க வேண்டியவர் அவர்.
3. தடுக்கவில்லை. ஆடு மேய்த்தார்.
4. விளையாட்டைத் தயாரித்தவர்கள் பார்த்துக்கொண்டிருந்தபோது ஆடுகளும் டிராகனும் ஒரே வயலில் சந்தித்தன.
5. அவரை வேலையைவிட்டு அனுப்புவதற்கான பட்டியலை எழுதும் பொறுப்பு என்னிடம் வந்தது.

கோவில்பட்டியில், முன்பு தீப்பெட்டி ஆபீஸாக இருந்த ஒரு கட்டடத்தின் மாடியில்தான் எங்கள் அலுவலகம். வெளியாகப் போகும் விளையாட்டுகளை முன்கூட்டியே விளையாடிப் பார்த்து, எங்கே கோளாறு என்று எழுதி அனுப்புவது வேலை. நான்கு பேர் விளையாடுவார்கள். அவர்கள் எழுதும் அறிக்கைகளைப் படித்து, பிழை, பிழையில்லை என்று பிரிப்பவள் நான்.

அண்ணாச்சிக்குப் பசுவந்தனைப் பக்கம். வயது முப்பத்தைந்து, பாலிடெக்னிக் படிப்பு, ஆட்டுக்கிடை வைத்திருக்கும் குடும்பம். அறுவடை முடிந்த கரிசல் காட்டில் ஆடுகளை ராத்திரி அடைத்துப் போட்டால் புழுக்கையும் மூத்திரமும் மண்ணுக்கு உரமாகும். அதைத்தான் கிடை போடுவது என்பார்கள். நேர்முகத் தேர்வில் மேனேஜர் அவரிடம் கேட்டது ஒரே கேள்வி.

"இந்த விளையாட்டுல மலை, காடு, ஊருன்னு ஏகப்பட்ட எடம் கெடக்கு. ஒரு எடம் விடாம நடந்து பாக்கணும். நாள் பூரா நடப்பீரா?"

"உக்காந்துக்கிட்டே நடக்கதுக்கு என்ன சார் கஷ்டம்?"

வேலை கிடைத்துவிட்டது.

விளையாட்டு தொடங்கியதும் ஒரு தூதன் மூச்சிரைக்க ஓடி வருவான். "வீரரே, மூன்று நாளில் டிராகன் தலைநகரை எரித்துவிடும். அரசர் உங்களை உடனே அழைக்கிறார்" என்பான். மற்ற மூவரும் தலைநகரை நோக்கி ஓடினார்கள். அண்ணாச்சி தூதனை மேலும் கீழும் பார்த்துவிட்டு எதிர்த்திசையில் நடந்தார்.

"அண்ணாச்சி, ராஜா கூப்புடுதாரே?"

"கேட்டுக்கிட்டேன் தாயி. போற வழியில பாத்துக்கிடலாம்."

மூன்று மாதம் கழித்தும் தூதன் அதே வாசலில் அதே மூச்சிரைப்போடு நின்றான். இந்த வகை விளையாட்டுகளின் குணம் அது. நாம் போய்ச் சேரும்வரை ஆபத்து காத்திருக்கும். எல்லாருக்கும் தெரியும், யாரும் பேசுவதில்லை. அண்ணாச்சி அதைப் பிழையாக எழுதிக் கொடுத்தார்: "மூன்று நாளில் வருவதாகச் சொன்ன டிராகன் மூன்று மாதமாக வரவில்லை. உடம்புக்கு ஏதுமா என்று யாராவது விசாரிக்கவும்."

பிழை அறிக்கையில் மூன்று கட்டங்கள் உண்டு. என்ன நடந்தது, என்ன நடந்திருக்க வேண்டும், மறுபடி பார்ப்பது எப்படி. மற்றவர்கள் "கதவு திறக்கவில்லை, திறக்க வேண்டும், கதவருகே போய்ப் பார்க்கவும்" என்று முடிப்பார்கள். அண்ணாச்சிக்கு ஒரு கட்டத்துக்கு ஒரு பக்கம் வேண்டும். விளையாட்டுக்குள் மேற்கூரில் இருக்கும் தையல்காரரின் மனைவி இரண்டு தெரு தள்ளி வசிக்கிறாள். அவர் அவளைப் பற்றிப் பேசுவதில்லை, அவளும் அவரைப் பற்றிப் பேசுவதில்லை. "ஏதோ மனத்தாங்கல். நடுவில் ஒருவர் நின்று பேசினால் சரியாகும். நான் தயார். பேசுவதற்குப் பொத்தான் இல்லை. பிழை."

நான் திருப்பி அனுப்பினேன்.

"அண்ணாச்சி, ரெண்டே வரியில எழுதச் சொன்னேன்."

"ரெண்டு வரியில அந்தம்மா கஷ்டம் அடங்குமா?"

"அது கஷ்டமில்ல, எழுதி வச்ச வசனம்."

"அதைத்தான் நானும் சொல்லுதேன். எழுதுனவிய எழுதிட்டு வீட்டுக்குப் போயிட்டாவ. இது இங்கன தனியா நிக்கி."

ஒரு நாள் கோட்டைக் கோபுரத்தின் உச்சியில் ஒரு குதிரையும் ஓர் ஆடும் நிற்பதாக இன்னொருவர் எழுதியிருந்தார். இரண்டும் பிழை என்று நான் குறிக்கும்போது அண்ணாச்சி எட்டிப் பார்த்தார். "குதிர ஏறுனது பிழ தாயி. ஆடு ஏறும். அது எறங்கத் தெரியாம நின்னா மட்டும் எழுதுங்க." யோசித்துப் பார்த்தேன். ஆட்டை நீக்கிவிட்டு அனுப்பினேன்.

அந்த ராஜ்யத்தின் தென்கோடியில் ஒரு வறண்ட ஊர். வயல் வரப்பில் ஒரு பெண் நிற்பாள். அவளுக்கு ஒரே வசனம்: "இந்த மண்ணில் எதுவும் விளைவதில்லை." அந்தப் பகுதியின் வறுமையை நமக்கு உணர்த்த அவளை அங்கே நிறுத்தியிருந்தார்கள். மற்ற மூவரும் உணர்ந்துவிட்டு நகர்ந்தார்கள். அண்ணாச்சி நின்றுவிட்டார்.

விளையாட்டில் ஒரு கொம்பு வரும். ஊதினால் பக்கத்தில் இருக்கும் ஆடு பின்னாலேயே வரும். ஒரு கிழவரின் தொலைந்த ஆட்டைக் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்காக வைத்தது. எத்தனை ஆடு வரலாம் என்று யாரும் வரம்பு வைக்கவில்லை என்பதை அண்ணாச்சி கண்டுபிடித்தார். மலையில் பத்து, காட்டில் முப்பது, சந்தையில் யாருடையதென்று தெரியாமல் பதினைந்து என்று போகிற இடமெல்லாம் சேர்த்து, ஐந்தே வாரத்தில் நூற்றிருபது ஆடுகளை ராஜ்யத்தின் குறுக்கே நடத்திக்கொண்டு வந்துவிட்டார். அவர் திரையை எதேச்சையாகப் பார்த்தேன். வயல் தெரியவில்லை. ஆடுதான் தெரிந்தது.

"என்ன அண்ணாச்சி இது?"

"கிடை போட்டிருக்கேன்."

சாப்பிட்டுவிட்டேன் என்பதுபோல் சொன்னார்.

"எத்தன நாளா?"

"அங்கன இன்னையோட இருவது நாளு. ஒரு மூலை விடல. அந்தம்மா இன்னும் அதையேதான் சொல்லுது."

அதையும் எழுதிக் கொடுத்தார். "நூற்றிருபது ஆடு, இருபது நாள் கிடை. மண் விளையவில்லை. பிழை. மிக அவசரம்." அவர் அவசரம் என்று எழுதிய ஒரே அறிக்கை அதுதான். நான் பிழையில்லை என்று குறித்து மூடினேன். நான் கோவில்பட்டி டவுனில் பிறந்தவள். கரிசலை பஸ் ஜன்னல் வழியாகத்தான் தெரியும்.

அடுத்த வாரம் தயாரிப்பாளர்கள் வீடியோவில் வந்தார்கள். கடைசிச் சண்டையைக் காட்ட வேண்டும். யாருடைய விளையாட்டில் அதிக இடங்கள் திறந்திருக்கின்றன என்று மேனேஜர் தேடினார். அண்ணாச்சியுடையதில்தான். அதைத் திறந்து, வீரன் நிற்கும் இடத்துக்கே டிராகனை வரவழைக்கும் குறுக்கு விசையை அழுத்தினார். வீரன் கிடையின் நடுவில் நின்றான்.

டிராகன் இறங்கியது. வீரனைப் பின்தொடரும் எதுவும் அவன் படை என்பது விளையாட்டின் விதி. ஆகவே டிராகனுக்கு எதிரே நூற்றிருபத்தொரு பேர். யாரை முதலில் கடிப்பது என்று அது கணக்குப் பார்க்கத் தொடங்கியது. திரை நின்று நின்று நகர்ந்தது. பிறகு நின்றே விட்டது. டிராகன் ஒரு சிறகைத் தூக்கியபடி ஆடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தது, ஆடுகள் மேய்ந்த வாக்கில் உறைந்திருந்தன. குரல் மட்டும் உறையாத அந்தப் பெண் வரப்பிலிருந்து தெளிவாகச் சொன்னாள்: "இந்த மண்ணில் எதுவும் விளைவதில்லை."

பின்னாலிருந்து அண்ணாச்சி, "கிடையக் கலைச்சிராதீங்க சார். டிராகன மட்டும் அப்படியே வடக்காம பத்திக்கிட்டுப் போயிருங்க" என்றார்.

கணினி அணைந்தது.

மேனேஜர் என்னைத் தனியே அழைத்தார். "இந்த ஆளு நமக்கு வேண்டாம். என்னென்ன தப்பு செஞ்சாருன்னு பட்டியல் போட்டு வெள்ளிக்கெழம கொண்டாங்க."

அண்ணாச்சிக்கு விஷயம் தெரிந்துவிட்டது. இரண்டு நாள் அவரிடமிருந்து ஓர் அறிக்கையும் வரவில்லை. மூன்றாம் நாள் என் மேஜையருகே வந்து நின்றார்.

"வீட்டுக்காரிகிட்ட இன்னும் சொல்லல தாயி. எங்க வீட்டுக்காரர் ஃபேனுக்கு அடியில வேல பாக்காருன்னு ஊர் பூரா சொல்லி வச்சிருக்கா. நான் போயிட்டா என் பேர்ல உள்ளத அழிச்சிருவீங்களோ?"

"அழிச்சிருவாங்க."

"ஆடு?"

நான் மேஜையில் இருந்த பட்டியலைக் கவிழ்த்து வைத்தேன்.

பட்டியலில் பதினான்கு தப்புகள் இருந்தன. ஒன்றும் பொய்யில்லை. வெள்ளிக்கிழமை மேனேஜர் அவரை உட்காரவைத்து ஒவ்வொன்றாக வாசித்தார். அண்ணாச்சி ஒவ்வொன்றுக்கும் "ஆமா சார்" என்றார். ஒன்பதாவது ஆடு.

"அத்தன ஆட்டையும் எதுக்குவே அங்கன கொண்டு அடைச்சீரு?"

"அந்தம்மா மண்ணு வெளையலன்னு சொல்லிச்சு சார். காதுல விழுந்தப்புறம் சும்மா போக முடியுமா?"

மேனேஜரின் பேனா நின்றது. அவர் குடும்பத்துக்குக் கடம்பூர்ப் பக்கம் கரிசல் காடு இருப்பது எனக்கு அதுவரை தெரியாது.

"எத்தன உருப்படி?"

"நூத்தி இருவது."

"செம்மறியா?"

"வெள்ளாடுதான் ஆம்புட்டுச்சு."

"செம்மறின்னா இன்னும் விசேசம். சரி, ஒரே எடத்துலயா போட்டீரு?"

"எடம் மாத்தி மாத்தித்தான் சார். இருவது நாளு."

மேனேஜர் எழுந்துவிட்டார். "எங்க காட்டுல அஞ்சு நாள் போட்டாலே மறு வருசம் கம்பு ஆளுயரம் நிக்கும். இருவது நாள் போட்டுமா வெளையல?"

"வெளையல சார்."

"அப்ப அது பிழதானவே."

"அதத்தான் சார் எழுதிக் குடுத்தேன்."

"இதப் பிழையில்லன்னு மூடுனது யாரு?"

இருவரும் என்னைப் பார்த்தார்கள். நான் பட்டியலில் பதினைந்தாவதாக ஒரு வரி சேர்த்து, என் பெயரை எழுதினேன்.

தயாரிப்பாளர்களுக்கான கடிதத்தை மேனேஜர் நின்றுகொண்டே சொன்னார், நான் தட்டச்சு செய்தேன். தொழில்நுட்பக் கடிதம் ஒன்றில் புழுக்கை என்ற சொல் வந்தது அந்த ஒருமுறைதான். யாரும் சொல்லாமலே அண்ணாச்சியின் பழைய அறிக்கைகளையும் இணைத்தேன், நான் திருப்பி அனுப்பியவை உட்பட. வேலையை விட்டு அனுப்பும் பேச்சை மேனேஜர் பிறகு எடுக்கவே இல்லை. கோபம் எல்லாம் தயாரிப்பாளர்கள் மேல் திரும்பிவிட்டது.

அடுத்த பதிப்பில் இரண்டு மாற்றங்கள் வந்தன. கொம்பு ஊதினால் பத்து ஆடுகள்தான் வரும். அந்த வயலில் மூன்று இரவு கிடை போட்டால் பயிர் தலை காட்டும், அந்தப் பெண் "இந்த வருஷம் பரவாயில்லை" என்பாள். அண்ணாச்சி அதை ஒருமுறை கேட்டார். வெளியே போய் முகம் கழுவிவிட்டு வந்தார். பிறகு, "பத்து ஆட்டுக்கு மூணே நாளுல வெளஞ்சிருமாக்கும். இவியளுக்குக் கிடைன்னா என்னன்னே தெரியல தாயி" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்து புதிதாக மூன்று பக்கம் எழுதினார்.

நான் இப்போது சென்னையில் இருக்கிறேன். என்னிடம் ஒன்பது பேர் வேலை பார்க்கிறார்கள். எல்லாரும் இரண்டு வரியில் எழுதுகிறார்கள், என் வேலை நாலு மணிக்கே முடிந்துவிடுகிறது. அண்ணாச்சி கோவில்பட்டியிலேயே, அதே மாடியில், நிரந்தர வேலையில் இருக்கிறார். அவருடைய அறிக்கைகளை இப்போது வேறொரு பெண் படிக்கிறாள். அவள்மேல் எனக்குக் கொஞ்சம் பொறாமை உண்டு.