தலைக்கு மிஞ்சிய வெளிச்சம்

கணினித் திரையில் இரண்டு உச்சந்தலைகள் அருகருகே இருந்தன. இடதுபுறம் சிகிச்சைக்கு முன், வலதுபுறம் ஆறு மாதச் சிகிச்சைக்குப் பின். இடது தலையில் சுமாராக முடி இருந்தது. வலது தலையில் அதுவும் இல்லை.

"அண்ணே, படத்தை மாத்திப் போட்டுட்டீங்களா?" என்று கேட்டாள், கோப்புகளைக் கவனிக்கும் பெண்.

முடி வளர்ப்பு மருத்துவமனையின் புகைப்படக்காரர் அசரவில்லை. அங்கே அவருக்கு ‘ஹைலைட்’ என்று பெயர். படத்தில் வெளிச்சம் மிஞ்சிய இடம் வெள்ளையாக வெந்துபோகும், வெந்ததை எந்த மென்பொருளாலும் மீட்க முடியாது, அதைத் தடுக்கக் கேமராவுக்குள்ளேயே ஹைலைட் பாதுகாப்பு என்று ஒன்று உண்டு என்பதை அவர் வாசல் காவலாளிக்குக்கூட விளக்கியிருந்தார். மற்றப் படக்காரர்களுக்கு அது ஒரு வசதி. வழுக்கையைப் படமெடுத்துப் பிழைப்பவருக்கு அதுதான் சோறு.

"ஆறு மாசத்துக்கு முன்னாடி பாதுகாப்பை ஆன் பண்ணி எடுத்தது அது. போன வாரம் கேமராவை ரீசெட் பண்ணினேன், ஆஃப் ஆயிடுச்சு. இவர் தலையில முடி இருக்கும்மா. வெந்துடுச்சு, அதான் தெரியல."

நம்பிக்கைக்குக் காரணம் இருந்தது. அந்தக் கோப்புக்குரிய பதினேழாம் எண் நோயாளி முந்தைய நாள்தான் போன் செய்து, சிகிச்சையில் தனக்கு ரொம்ப சந்தோஷம் என்று சொல்லியிருந்தார். அதனால்தான் டாக்டரம்மா அவர் தலையை விளம்பரத்துக்குத் தேர்ந்தெடுத்தார். பன்னிரண்டு மணிக்குப் படம் அச்சகத்துக்குப் போக வேண்டும். போகாவிட்டால், நாளை முதல் தன் அக்கா மகன் போனிலேயே எடுத்துக்கொள்வான் என்றும் சொல்லிவிட்டார். போனிடம் வேலையைப் பறிகொடுத்தவரை வேறு எங்கே சேர்த்துக்கொள்வார்கள்?

காலையில் வெளிப் பெஞ்சிலிருந்து கையோடு அழைத்து வந்த மனிதர், கழுத்துவரை கருப்புத் துணி போர்த்தி, ஸ்டூலில் குனிந்தபடி இருந்தார். முகம் படத்தில் வரக் கூடாது என்பது அங்கே விதி.

"சார், நான் வந்து..." என்று அவர் ஆரம்பித்தார்.

"பேசினா தலை ஆடும் சார்."

ஹைலைட் பாதுகாப்பை ஆன் செய்து எடுத்தார். பளபளப்பு அடங்கியது. அது அடங்கியதும் உச்சந்தலையின் ஒவ்வொரு துளையும் தெளிவாகத் தெரிந்தது. ஒன்றிலிருந்தும் முடி முளைத்திருக்கவில்லை.

முடி மெல்லியதாக இருக்கிறது, இந்தப் பாதுகாப்பு போதாது என்று முடிவு செய்தார் ஹைலைட். மிகப் பிரகாசமான புள்ளியை மட்டும் பார்த்து வெளிச்சத்தைக் குறைக்கும் முறைக்கு மாற்றினார். படத்தில் தலை, கிரகணம் பிடித்த நிலாவாக இருண்டது.

"இப்போ முடி இருக்கிற மாதிரி இருக்குண்ணே," என்றாள் பெண். "ஆனா தலை இருக்கிற மாதிரி இல்ல."

இருட்டைப் போக்க, பரிசோதனை அறையின் பெரிய விளக்கை உருட்டி வந்தார். அதன் சூட்டில் தலை வியர்த்தது. வியர்வையின் பளபளப்பில், வெளிச்சம் மிஞ்சுகிறது என்ற எச்சரிக்கை கேமரா திரையில் மின்னத் தொடங்கியது. வியர்வைக்கு முகப்பவுடர் பூசினார். பவுடரும் வியர்வையும் குழைந்து, தலை வெள்ளையடித்த சுவரானது.

நல்ல மனதோடு, மருந்தை ஒழுங்காகப் போட்டீர்களா என்று அந்த மனிதரிடமே கேட்டார்.

"நான் எந்த மருந்தும் போடலீங்க," என்றார் அவர்.

"மெதுவா சார். டாக்டர் காதுல விழப்போகுது. குனிங்க."

பதினொன்றே முக்காலுக்கு டாக்டரம்மா வந்தார். ஆளைப் பார்க்கவில்லை, திரையைப் பார்த்தார். இதற்கா அந்த ஆள் சந்தோஷப்பட்டார் என்று கேட்டுவிட்டு, அக்கா மகனை அழைக்கப் போனைக் கையில் எடுத்தார்.

அந்த ஒரு நொடியில் ஹைலைட்டுக்குப் பொறி தட்டியது.

"மேடம், தப்பு இந்தப் படத்துல இல்ல, பழைய படத்துல. அன்னிக்குப் பாதுகாப்பு ஓவராயிடுச்சு. இல்லாத முடியையெல்லாம் காப்பாத்திக் காட்டியிருக்கு."

பொய்யான படம் தன் கணினியில் இருப்பானேன் என்று டாக்டரம்மா கேட்டார். நியாயமான கேள்விதான். ஹைலைட் அதை அழித்தார். குப்பைத் தொட்டியிலிருந்தும் அழித்தார். பிறகு, தன் தொழில் வாழ்க்கையின் மிகச் சிறந்த யோசனையை அவிழ்த்துவிட்டார். இன்று எடுத்த படத்தையே ‘முன்’ என்று போடலாம். பக்கத்தில் ‘பின்’ என்று ஒரு காலிக் கட்டம். கீழே, ‘ஆறு மாதத்தில் இங்கே பாருங்கள்.’ ஊரில் எந்த மருத்துவமனைக்கு இந்தத் துணிச்சல் உண்டு?

டாக்டரம்மா ஸ்டூலை ஒரு முறை சுற்றி வந்தார். போனைப் பைக்குள் போட்டார்.

"நேர்மையா இருக்கு. அனுப்பு."

பன்னிரண்டுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது படம் அச்சகத்துக்குப் போனது. இனி வேறு யாரையும் படமெடுக்கச் சொல்ல மாட்டேன் என்று டாக்டரம்மா வாக்குக் கொடுத்தார். கோப்புப் பெண் எழுந்து நின்று கைதட்டினாள். ஹைலைட் கருப்புத் துணியை உருவி உதறினார். ஈரத் துணியால் அந்த மனிதரின் தலையைத் தாமே துடைத்துவிட்டு, ஆறு மாதம் மறுபடி மருந்து போட வேண்டும், இந்தத் தடவை ஏமாற்றக் கூடாது என்று அன்போடு கண்டித்தார். இப்போது தாராளமாகப் பேசலாம் என்றும் அனுமதி கொடுத்தார்.

அந்த மனிதர் ஒரு மணி நேரத்துக்குப் பிறகு நிமிர்ந்து, கழுத்தைப் பிடித்துவிட்டுக்கொண்டு, சங்கோஜத்தோடு சொன்னார்:

"மருந்து போட்டுக்கிட்டது என் தம்பிங்க. நான் சும்மா துணைக்கு வந்தேன். அவன், படம் எடுக்கிறப்போ தலை கலைஞ்சிருக்கக் கூடாதுன்னு, சீப்பு வாங்கப் போயிருக்கான்."